பழைய ஃபிளைவீல்

சந்தானம் சாருடைய அம்பாசிடரில் எஞ்சினை வெளியே எடுக்கவில்லை. அடியில் படுத்து கியர்பாக்ஸை மட்டும் இறக்கி, எஞ்சினோடு சேர்ந்து சுழலும், பல் தேய்ந்த ஃபிளைவீல் சக்கரத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். அவர் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்ததால் அன்றே வண்டி வேண்டும் என்றார்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. பவானிபூர் பட்டறைகளில் அன்று யாரும் கருவியைத் தொடுவதில்லை. பழைய ஃபிளைவீலையும் கழுவி, மணையில் கிடத்தி, சாமந்திப் பூ வைத்தோம்.

மத்தியானம் அது சுழலத் தொடங்கியது. பூக்கள் சுவர்வரை தெறித்தன. நிறுத்தப்போன உதவிப் பையன் உத்தமனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதடா. சார் வண்டி ஓடிட்டிருக்கு."

"அதுல புதுசுல்ல மாட்டினோம், அண்ணே?"

கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது.

சாயங்காலம் சந்தானம் சார் டிராமில் வந்து சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். மத்தியானம் மனைவிக்கு வலி எடுத்ததாம், பெண் குழந்தையாம். வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டு வந்திருந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அது மறுபடியும் சுற்றியது. மேலே நாங்கள் திரும்ப வைத்திருந்த பூ ஒன்றுகூட நழுவவில்லை. அவ்வளவு மெதுவாக.

உத்தமன் வேலையை விட்டு எழுந்து நின்றான்.

"பாப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு, அண்ணே" என்றான், குரலைத் தாழ்த்தி.