ஒருமுறை மட்டும் தெரிந்த வெளிச்சம்

எக்ஸ் கதிர்களை மட்டுமே பார்க்கத் தெரிந்த தொலைநோக்கி ஒன்று விண்வெளியில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது வானம் முழுவதையும் பார்த்து முடித்துவிடும். அது பார்த்ததையெல்லாம் சலித்தெடுக்க, தரையில் சல்லடை என்றொரு கணினி நிரல் இருந்தது.

ஒருநாள் தொலைநோக்கி கேட்டது: "அண்ணே, போன சுற்றில் ஒரு கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துப் போட்டதே! பாவம், நார் நாராகப் பிரிந்து சுழன்று எரிந்தாள். அந்த வெளிச்சத்தை எங்கே வைத்தீர்கள்?"

"குப்பையில்," என்றது சல்லடை. "இந்தச் சுற்றில் அது இல்லையே! இரண்டு முறை தெரிந்தால்தான் நிஜம். ஒருமுறை மட்டும் தெரிந்தால் உன் கண்ணில்தான் ஏதோ கோளாறு."

தொலைநோக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செத்துப்போனவள் எப்படி அண்ணே இரண்டாம் முறை வந்து நிற்பாள்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ரூல்ஸ் அப்படி."

"சரி, கிழித்தவன்?"

"யாரு, கருந்துளையா? எத்தனை சுற்று பார்த்தாலும் அங்கேயேதான் அமைதியாக இருக்கிறார். அவர்மேல் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை," என்றது சல்லடை, குப்பையைக் காலி செய்துகொண்டே.