தெருவின் பெயர்

நான்காவது வீட்டுக் கதவும் பேராசிரியர் முகத்துக்கு நேரே சாத்தப்படுகிறது.

ஐந்து வருடத்துக்கு முன் இதே ஓடைத்தெருவில் அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

அன்றும் கையில் இதே அட்டைப் பெட்டி. மாதிரி வாக்குச்சீட்டு. "குத்தி, மடிச்சுப் போடுங்க. யாருக்கும் தெரியாது" என்றார்.

நம்பினார்கள்.

அறுபத்து நான்கு வீட்டில் அறுபத்தொன்று எதிர்க்கட்சியின் தையல் மெஷினுக்குக் குத்தியிருந்தது. ஆளுங்கட்சிச் சின்னம் குடை.

யார் பெயரையும் அவர் வெளியிடவில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அட்டவணையில் தெருவின் பெயரை மட்டும் போட்டார். ஆய்வென்றால் துல்லியம் வேண்டாமா?

கட்சிகளையும் மக்கள் பிரதிநிதித்துவத்தையும் பற்றிய அந்தப் புத்தகம் அவரைத் துறைத் தலைவராக்கியது. ஒரு நாளிதழ் அந்த அட்டவணையை எடுத்துப் பெட்டிச் செய்தியாகப் போட்டது. ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதுக் குடிநீர்க் குழாய் ஓடைத்தெரு முனை வரை வந்தது.

அங்கிருந்து வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெருவிலிருந்து இரண்டு பேர் பல்கலைக்கழகத்துக்கே வந்து, கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். ஆய்வாளர் தலையிட்டால் தரவு கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். படித்த மனுஷன்.

இப்போது இரண்டாம் பதிப்புக்கு வந்து நிற்கிறார். வெட்கமே இல்லாமல்.

அன்று மோர் கொடுத்த பட்டம்மாள் காலிக் குடத்தை இறக்கி வைத்தாள். தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"எல்லாரும் வெளிய வாங்கடி!"

கதவுகள் திறந்தன.

வரிசையாக வந்தார்கள். அவர் கண்ணெதிரே குத்தினார்கள். யாரும் மடிக்கவில்லை.

குடை.

குடை.

"மறைவாப் போடுங்கம்மா" என்றார்.

யாரும் காதில் வாங்கவில்லை.

பெட்டி நிரம்பியது. அறுபத்து நான்கும் குடை.

அவர் குரல் இறங்கிவிட்டது. "உண்மையச் சொல்லுங்கம்மா."

பட்டம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உண்மையப் போன தடவ சொன்னோம் சார். இந்தத் தடவ தெருப் பேரக் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரைப் பார்த்து நடந்தாள்.