நல்ல காற்று கிடைக்கும் இடம்

சுரங்க வாசலில் தூசி அளக்கும் கருவி இருந்தது. அதைச் சுற்றி மட்டும் நாள் முழுக்கத் தண்ணீர் அடிப்பதுதான் லாரி டிரைவரின் வேலை.

“சார், எங்க தெருவுக்கும் ஒரு லோடு அடிக்கட்டுமா? வீட்டுக்காரி மூச்சு விட முடியாம படுற பாட்டைப் பாக்க முடியல.”

“கருவி உங்க தெருவுலயா இருக்கு?” என்றார் மேனேஜர். “அளவு ஏறினா சுரங்கத்தை மூடிடுவாங்க. அப்புறம் நம்ம எல்லாருக்கும் வாயில மண்ணுதான்.”

“இப்பவும் அதானே சார்!”

“வாய் நீளுது. போய் வேலையைப் பாரு.”

மறுநாள் விடிந்ததும் டிரைவர் மனைவியையும் ஒரு நாற்காலியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கருவி இருந்த இடத்துக்குப் போனார்.

அங்கே ஏற்கெனவே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் மேனேஜரின் அம்மா நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற மேனேஜர் நெளிந்தார். “சரி, உன் நாற்காலியையும் இப்படிப் போடு. வெளிய மூச்சு விட்டுடாதே, ஊரே வந்து உக்காந்துடும்.”