மாடு பார்க்க வந்தவர்

“தங்கமான பையனுங்க.”

கேள்வி முடிவதற்குள் டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார்.

கேட்டவருக்கு அங்கேயே உறுத்தியது.

காலமெல்லாம் மாட்டுத் தரகு செய்தவர். கேட்கும் முன்பே ஒருவன் தன் மாட்டைப் புகழ்ந்தால், மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டும். குளம்பைப் பார்க்க வேண்டும். புகழ்ந்தவன் மூஞ்சியையும் பார்க்க வேண்டும்.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவத் திரும்பிக்கொண்டார்.

பெஞ்சின் அந்தக் கோடியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

மகள் நவீனாவுக்கு வரன். பையன் பேர் லோகநாதன். ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் பையன் ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்துவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவன் செய்கிற வேலை அது.

“நீங்க பாத்துட்டு வந்து சரின்னா எனக்கும் சரிப்பா” என்றிருந்தாள் நவீனா.

அதுதான் பயமாக இருந்தது. ஒரே பிள்ளை. அவள் மேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. சந்தையில் ஏமாந்தால் அடுத்த சந்தையில் தள்ளிவிடலாம். மகளை என்ன செய்வது?

சின்ன ஊர். ஒரே கடைவீதி. எங்கே நின்றாலும் வெங்காய வாசம்.

உரக்கடையில் கேட்டார்.

“சொக்கத் தங்கமுங்க.”

வெங்காய மண்டியில் கேட்டார்.

“பீடி, பிராந்தி ஒண்ணும் கெடையாதுங்க. தான் உண்டு, தோட்டம் உண்டு.”

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்தப் பொண்ணு குடுத்து வெச்சிருக்கோணும்” என்றாள்.

எந்தப் பொண்ணு? அவர் பெண்ணைப் பற்றி மூச்சே விடவில்லையே.

ஒரு மொபெட் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே மொபெட் திரும்பி வந்தது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். இந்த ஊர் ஆளுக்கொரு பொய்யைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது போல. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுகிறார்கள் இந்த வேலையை?

நிஜமாகவே நல்ல பையனாக இருந்துவிட்டால்?

அந்த நினைப்பையும் அவர் நம்பவில்லை.

“மாடு ஏதாச்சும் வெலைக்கு வருங்களா?” என்று கேட்டுக்கொண்டே மனைவியோடு பையன் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அவர் வாயில் அது பொய் மாதிரியே வராது.

பையனின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாசல் பெருக்கிச் சாணி தெளித்திருந்தது. மண்வெட்டிகூடக் கழுவித்தான் சாத்தியிருந்தது. எல்லாம் ஒழுங்கு. ரொம்பவே ஒழுங்கு. அவர் கண் சுவரோரத்தில் காலி பாட்டில் தேடியது. கொடியில் கிழிசல் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

மாட்டைக் கட்டியிருந்த இடத்தில் ஒரு செவலைப் பசு நின்றது. சுழி சுத்தம். பல் சுத்தம். தோலில் ஒரு தழும்பு இல்லை.

லோகநாதன் வந்தான்.

“வாங்கய்யா. வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களா?”

சிரித்த முகம். வெள்ளைப் பற்கள். அம்மா, மாடு, வெங்காய விலை என்று வாஞ்சையாகத்தான் பேசினான். அவருக்கே மனசு இளகிவிட்டது. நாமாகத்தான் கெட்டதை நினைக்கிறோமோ என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பேசிக்கொண்டே, கூரையில் செருகியிருந்த துண்டை எடுக்க அவன் கையைத் தூக்கினான்.

பசு முகத்தை வெடுக்கென்று திருப்பியது. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அடி விழவில்லை.

அவன் துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பசு மெல்லக் கண்ணைத் திறந்தது. அவன் அம்மா எதையும் பார்க்காத மாதிரி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மோர் வேண்டாம் என்றார்.

டீக்கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடம். அதுவரை எப்போதும் போல மனைவி கொஞ்சம் தள்ளியே நடந்து வந்தாள். நிழல் இல்லை. ஒரே புளியமரத்தின் அடியில் டிராக்டர் நின்றது.

“இந்த எடம் வேண்டாமுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆன நாள் முதல் அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“ஏன்?”

“மாட்டப் பாத்தனுங்க.”

அவருக்கு ஆச்சரியம். பிறகு பெருமை தாங்கவில்லை.

“அட! எங்கூட இருந்து இருந்து உனக்கும் மாடு பாக்கத் தெரிஞ்சு போச்சே!” வாய்விட்டுச் சிரித்தார். “ஊரே கூடிப் பொய் சொல்லுச்சு. அந்த வாயில்லா சீவன் சொல்லலையே. அவன் கையில எம் புள்ளையக் குடுப்பனா?”

அவள் சிரிக்கவில்லை.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. கை காட்டினால்தான் நிற்பான். காட்டாவிட்டால் போய்க்கொண்டே இருப்பான்.

அவர் சட்டென்று கையைத் தூக்கினார்.

பக்கத்தில் அவள் முகம் வெடுக்கென்று திரும்பியது. கண் இறுக மூடிக்கொண்டது.

எதிரே டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவத் திரும்பிக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது. “ஏறுங்க, ஏறுங்க” என்றார் கண்டக்டர்.

தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.