பலகை வைத்த சிவப்பு

நெடுஞ்சாலை ஓரத்தில் வெப்ப அறிவிப்புப் பலகை ஒன்று நின்றது. நாளைக்கு எந்த இடத்தில் சாலை எத்தனை டிகிரி சுடும் என்று நாற்பது எண்களை வரிசையாகக் காட்டும். அதில் அதற்கு ஒரு பெருமை.

"அண்ணே, நாளைக்கு நான் உருகிடுவேனா?" என்று கேட்டது, பள்ளத்தை மூடப் புதிதாகப் போட்டிருந்த தார் ஒட்டு.

"மதியம் அறுபத்திரண்டு டிகிரி. காலையிலிருந்து காட்டிக்கிட்டுதானே இருக்கேன்?"

"யாராவது நின்னு பார்த்தாங்களா?"

பலகை யோசித்தது. ஒருவரும் நிற்கவில்லை. மனசில்லாமல் எண்களை அழித்தது. சாலையை ஒரு கோடாக வரைந்து, ஒட்டு இருந்த இடத்தில் மட்டும் சிவப்பு வைத்தது.

மறுநாள் வெயில் ஏறுமுன் தண்ணீர் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் மரியசெல்வம் பலகையை ஒருமுறை பார்த்தார்; குழாயைத் திறந்தார்.

"நாளைக்கு எப்படிண்ணே?" என்றது நனைந்த ஒட்டு.

"பொறு, வரைஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றது பலகை.