தொண்ணூற்றைந்து டிகிரி

சுக்ரா முதல் முட்டையின் ஓட்டைக் கத்தரியால் வட்டமாக வெட்டித் திறந்தாள்.

உள்ளே கருவைப் போர்த்தியிருந்த மெல்லிய சவ்வை எடுத்து உப்புத் தண்ணீரில் அலசினாள். கறுப்புத் தாளின்மேல் இருந்த கண்ணாடித் தட்டில் அதை விரித்தாள்.

டாக்டர் சென்னகிருஷ்ணன் வழக்கம்போல அவளுடைய வலப்பக்கம் வந்து நின்றார். கையில் மதராஸிலிருந்து வந்த சின்னக் குப்பி. கார்ட்டிசோன் சொட்டு மருந்து.

சவ்வு சுத்தமாக இருந்தது.

பக்கத்து அறையில் கட்டிலில் படுத்திருந்தவர் பேரிகை கிராமத்துக் கரியப்பன். ராகி போடுகிற சம்சாரி. வலக்கண் சின்ன வயதில் அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த இடக்கண்ணும் பத்து நாளாகச் சிவந்து, உள்ளுக்குள் கலங்கி, எதிரே நிற்கிற ஆள் நிழலாக மட்டும் தெரிகிற நிலைக்கு வந்திருந்தது.

வேறு காரணத்தால் வந்த சிவப்பு என்றால் குப்பியில் இருந்த மருந்து சீக்கிரமே தணித்துவிடும். வைரஸால் வந்தது என்றால் அதே மருந்து கிருமிக்குத் தீனி. வெளியிலிருந்து பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பிலும் சிக்காது. உயிருள்ள ஒன்றில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் முட்டை. மூன்று நாளைக்கு முன் டாக்டர் கரியப்பனின் கண்ணுக்குள்ளிருந்து ஊசியால் நாலு சொட்டு நீர் எடுத்தார். சுக்ரா அதை கரு வளரும் நான்கு கோழிமுட்டைகளுக்குள் விட்டு, மெழுகால் அடைத்து, மண்ணெண்ணெய் விளக்கால் சூடேறும் பெட்டிக்குள் வைத்தாள். வைரஸ் இருந்தால் சவ்வில் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

ஓசூருக்கு வெளியே இருந்த அந்தச் சின்னக் கண்ணாஸ்பத்திரியில், அதுவரை எந்தக் கண்ணின் நீரும் புள்ளி காட்டியதில்லை. நான்கு வருடத்துக்கு முன் முட்டையில் புள்ளி விழாததை நம்பி டாக்டர் ஒரு நோயாளிக்கு இந்த மருந்தை விட்டார். பத்தே நாளில் அந்தக் கண் வெளுத்துப்போனது. அதற்குப் பிறகு அவர் குப்பியைத் தொடவே யோசித்தார்.

இரண்டாவது முட்டையைத் திறந்தாள். அதுவும் சுத்தம்.

"மருந்த விட்டுரலாமா சுக்ரா?"

"இன்னும் ரெண்டு இருக்குது சார்."

போன ஐப்பசியில் காவல்காரர் திம்மராயன் உதட்டில் கொப்புளத்தோடு வந்து நின்றார். காய்ச்சலுக்குப் பிறகு வருகிற அந்தக் கொப்புளம் வைரஸ்தான் என்று டாக்டரின் புத்தகமே சொல்கிறது. சுக்ரா அவரைக் கெஞ்சி உட்காரவைத்து, கொப்புள நீரை எடுத்து, பன்னிரண்டு முட்டைகளில் விட்டாள். ஆறு முட்டைகளை எப்போதும்போல் கோழியின் அடைச்சூட்டில், நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தாள். மற்ற ஆறை இன்னொரு பெட்டியில், திரியை இறக்கி, தொண்ணூற்றைந்தில். மழையும் குளிருமாக இருந்த அந்த வாரத்தில் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள, மூன்று நாளும் பெட்டியோடு பெட்டியாகக் கிடந்தாள்.

நூறு டிகிரியில் ஒரே ஒரு முட்டையில், அதுவும் சந்தேகமாக, ஒரு புள்ளி. தொண்ணூற்றைந்தில் ஆறிலும் புள்ளிகள்.

டாக்டர் நம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை செய்யச் சொன்னார். இரண்டு தடவையும் அப்படியே வந்தது.

"கோழிக்கு ஒத்துக்கற சூடு இதுக்கு ஒத்துக்கல போல சார்," என்றாள் அப்போது. அதனால் கரியப்பனின் முட்டைகளைத் தொண்ணூற்றைந்தில்தான் வைத்திருந்தாள்.

மூன்றாவது முட்டை.

சவ்வு கறுப்புத் தாளின்மேல் விரிந்ததும் சுக்ராவின் கை நின்றது. ரவை சிந்தியதுபோல ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள்.

நான்காவதிலும் இருந்தன. கண்நீர் விடாமல் கூடவே வைத்திருந்த இரண்டு முட்டைகளையும் திறந்தாள். அவற்றில் ஒன்றும் இல்லை.

டாக்டர் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். கண்பாவையை விரிக்கிற பழைய சொட்டு மருந்தும் கட்டும் ஓய்வும் போதும் என்று கரியப்பனிடம் அவர் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது.

சுக்ரா கை கழுவிவிட்டு, கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பத்தொன்பதாம் நாள் கரியப்பன் யார் கையையும் பிடிக்காமல் லேப் வாசலுக்கு வந்தார். கட்டை அவிழ்த்திருந்தார்கள். இத்தனை நாளும் அவளை அவர் குரலாக மட்டுமே அறிவார்.

"புள்ளிய கண்டுபுடிச்ச அம்மா எங்க? பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

"நான்தாங்கண்ணா," என்று சுக்ரா திரும்பினாள்.

கரியப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. முக்காட்டுக்குள் இருந்த அந்த முகத்தில் இடக்கண் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"இது எப்ப ஆச்சும்மா?"

"நாலு வருசம் ஆச்சுங்க. எனக்குப் பாத்த முட்டைய நூறு டிகிரில வெச்சுட்டாங்க. அப்ப யாருக்கும் தெரியாது."

கரியப்பனின் கை தன் இடக்கண்ணுக்குப் போனது.

"கெளம்புங்கண்ணா," என்றாள் சுக்ரா. "பத்து மணி பஸ்ஸ உட்டுட்டா அப்புறம் சாயந்தரந்தான் பேரிகைக்கு வண்டி."