பெட்ரோல் நெடி

"மறுபடியும் அதே நெடி. நீ என்னத்தைய்யா ரிப்பேர் பண்ணே?"

காரை விட்டு இறங்கும்போதே பாலகணேஷ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

மெக்கானிக் பிராங்கிளின் ஓடிவந்தான். அவர் பெரிய அரசு அதிகாரி. இந்த நெடியை மட்டும் நிறுத்திவிட்டால், தன் ஆபீஸ் வண்டிகள் அத்தனையையும் இந்தத் திருவொற்றியூர் ஒர்க்‌ஷாப்புக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். என்ன ஆபீஸ் என்று கேட்டதற்கு, "முதல்ல வேலையைப் பாரு" என்றுவிட்டார்.

"டேங்க் மூடி மாத்திட்டேன் சார். ஓஸ் பைப்பு மாத்திட்டேன். கரி டப்பா கூட புச்சு."

டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற டப்பா அது.

"வெயில் நூத்தி ஏழு டிகிரிய்யா. டேங்க் சூடாகுது. ஆவி ஜாஸ்தியாகுது. உன் டப்பா தாங்கல. இது சயின்ஸ்."

"டேங்க ரொப்பாதன்னேனே சார்?"

"பாதிதான் போடறேன்."

"உங்க வூட்டாண்டயும் நெடி வருதா?"

"அண்ணா நகர்லயா? சேச்சே. இந்தப் பக்கம் வந்தாத்தான். இங்க வெயில் அதிகம்."

கடல் காற்று வீசும் இடத்தில் மட்டும் வெயில் எப்படி அதிகமாகும் என்று பிராங்கிளின் கேட்கவில்லை. ஆபீஸ் வண்டிகள் அவன் கண்முன்னே வரிசையாக நின்றன.

"துன்னுட்டு வா சார். அதுக்குள்ள ஒரு முடிவு கட்டிர்றேன்."

சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவரை வண்டிக்குள் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தார். மூக்கைச் சுருக்கினார். இருமினார்.

"நெடி கீதா சார்?"

"முன்னைவிட மோசம்! கண்ணெல்லாம் எரியுது. எதைய்யா கழட்டினே?"

"டேங்க்க."

"என்னது?"

"பக்கத்துத் தெருவுல தோஸ்து கடைல கீது. உன் வண்டில இப்போ சொட்டு பெட்ரோல் கெடியாது."

பாலகணேஷ் மறுபடியும் கைக்குட்டையை மூக்கில் அழுத்தினார்.

"வண்டி மேல தப்பு இல்ல சார். காத்துதான். இங்க கீற பெட்ரோல் ஆலைக்காரன் கேஸைத் தொறந்து வுட்டான்னா எங்களுக்குச் சோறு எறங்காது. கொயந்த ராவெல்லாம் இருமிகினு கீது. மனு மேல மனு போட்டாச்சு. காத்து சுத்தமா கீதுன்னு பதில் போடறான், எவனோ ஒரு பேமானி."

"வாயை மூடு!" பாலகணேஷ் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "இந்த ஏரியாவுல காத்து சுத்தம்."

"இப்பத்தானே சார் கண்ணு எரியுதுன்னே? சுத்தம்னு யாரு சொன்னா?"

"நான்தான்யா! மாசாமாசம் சோதிச்சுக் கையெழுத்துப் போடற அதிகாரியே நான்தான்!"

பிராங்கிளின் ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"அப்போ தப்பு வண்டி மேலதான் சார். உங்க ஆபீஸ் வண்டி அத்தினிலயும் இந்த நெடி வரும், இட்டாந்து வுடு."